ஆராய்ச்சிக்கு ஏற்ற சிறுநீரகம்

மகேஸ்வரன் முதன்முதலாக ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்கு வந்தபோது இரண்டு சட்டைகளோடு வந்தார். ஒன்று உடம்பில் இருந்தது. நீலப் பூப்போட்ட பாத்திக் ஒன்று காரின் பின்னால் ஹேங்கரில் தொங்கியது. பாத்திக்கோடு ஏழை வீட்டுக்குள் நுழைந்தால் ஓட்டுக் கேட்க வந்தவர் மாதிரி இருக்கும். சாதாரணச் சட்டையோடு படத்தில் நின்றால் நோயாளியின் மச்சான் மாதிரி இருக்கும். இரண்டு அனுபவமும் அவருக்கு உண்டு. அதனால் உள்ளே வரும்போது ஒன்று, படம் எடுக்கும்போது ஒன்று.

அவர் தென் ஜொகூர் இந்தியர் சிறுநீரக நல்வாழ்வு இயக்கத்தின் தலைவர். அதற்கு முன்பு ஒரு கால்பந்துக் குழுவுக்கும், மூத்தோர் கரவோக்கே சங்கத்துக்கும் தலைவராக இருந்திருக்கிறார். சிறுநீரகத்துக்கு வந்த காரணம் எளிமையானது. இருதயத்துக்குக் குளுவாங்கில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். கண்ணுக்குப் பத்து பகாட்டில் ஒருவர். நீரிழிவில் மூன்று பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். சிறுநீரகம் மட்டும்தான் அந்த வட்டாரத்தில் தலைவர் இல்லாமல் கிடந்தது.

“ஸ்டானி, நீங்க ஒண்ணும் பேச வேணாம். இப்படியே உக்காந்திருங்க. கை மட்டும் தெரியணும்.”

“எந்தக் கை தலைவரே?”

“ஊசி போடற கை லா.”

ஸ்டானிஸ்லாஸ் இடது கையை நாற்காலிப் பிடிமேல் வைத்தார். ஊசி ஏறி ஏறி முழங்கைக்குக் கீழே நரம்பு தாம்புக் கயிறு மாதிரி புடைத்திருந்தது. எட்டாங்கட்டைத் தோட்டத்தில் நீளக் கழியில் கத்தியைக் கட்டி செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த கை அது. தோட்டத்தை விட்டு சிம்பாங் ரெங்கத்தில் இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மரத்தொழிற்சாலைக்குக் காவல்காரராகப் போனார். பிறகு சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய், இப்போது வாரத்தில் மூன்று நாள் கூலாய்க்குப் போய் ரத்தம் கழுவிக்கொண்டு வருகிறார்.

“சிரிக்கணுமா?”

“வேணாம். ரொம்ப சோகமாவும் வேணாம். நம்பிக்கையா பாருங்க.”

நம்பிக்கையாகப் பார்ப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. கதவுக்கு வெளியே எதிர்வீட்டு வேலு தன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டி, சாலையில் ஓடி, காவாய்க்குள் விழுந்தது. ஸ்டானிஸ்லாஸ் அந்தத் தண்ணீரைப் பார்த்தார். படம் மிக நன்றாக வந்தது. பிறகு பதாகை, துண்டறிக்கை, விண்ணப்பத்தின் முகப்பு எல்லாவற்றிலும் அதே படம்தான்.

மனைவி டொரத்தி தேத்தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. போர்ச்சில் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் வைத்துவிட்டு, தலைவரை வெளியே கூப்பிட்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க தலைவரே. அவரு முன்னாடி யாரையும் குடிக்க விடறதில்ல. ஒரு நாளைக்கு அவருக்கு மாத்திரை முழுங்கற அளவுதான் தண்ணி. பாத்தா தாகம் வந்துரும்.”

“அப்ப நீங்க?”

“நானும் அவ்வளவுதான். அவரு கிளாஸ்ல அவருக்கு எவ்வளவோ, என் கிளாஸ்ல எனக்கு அவ்வளவு.”

மகேஸ்வரன் கோப்பையைக் கீழே வைத்தார். “எத்தன வருசமா?”

“அவரு ரத்தம் கழுவ ஆரம்பிச்ச வருசம் தவக்காலத்துல ஒறுத்தலா ஆரம்பிச்சேன். எல்லாரும் மீன் இறைச்சி விடறாங்க, நான் தண்ணிய விட்டேன். ஈஸ்டரோட முடிஞ்சிருக்கணும். அவரு குடிக்காம இருக்கறப்ப நான் மட்டும் எப்படி மடமடன்னு குடிக்கறது? அப்படியே பழகிருச்சு.”

மகேஸ்வரனின் கண் கலங்கியது. அது உண்மையான கண்ணீர்தான். மேடையில் வருவதற்கும் அதற்கும் வித்தியாசம் அவருக்கே பிடிபடாமல் போய் பல வருசமாகிறது. டொரத்தியோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். பாத்திக்கை அதுவரை கழற்றவில்லை.

கிளம்பும்போது ஸ்டானிஸ்லாஸின் தோளைத் தொட்டுச் சொன்னார். “ஒரு பெரிய அறவாரியம் சிறுநீரக ஆராய்ச்சிக்கு கிராண்ட் குடுக்குது. நம்ம இயக்கமும் ஒரு டாக்டரும் சேந்து கேக்கறோம். அது மட்டும் வந்துருச்சுனா நம்ம ஊர்லயே சென்டர். மொத நாற்காலி ஒங்களுக்குத்தான் ஸ்டானி.”

அன்று சாயங்காலம் ஸ்டானிஸ்லாஸ் டொரத்தியிடம் கேட்டார். “சென்டரு பழைய பாசார் பக்கமா இருந்தா நடந்தே போயிரலாம்ல?”

“ஒங்களால அவ்வளவு தூரம் நடக்க முடியுமா?”

“போறப்ப முடியும்.”

கஷ்டம் திரும்பி வரும்போதுதான். மையத்தில் இயந்திரம் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துவிட்டு அனுப்பும். வேலுவின் வேனில் ஏறியதும் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் செடெனாக்கைத் தாண்டும்போது கண் இருட்டும். ஒருமுறை முன்னிருக்கையில் அப்படியே சாய்ந்துவிட்டார். வேலு ஓரங்கட்டி, காலைத் தூக்கி டேஷ்போர்டின்மேல் வைத்து, மூஞ்சியில் விசிறினான். கூலாய் மருத்துவர், இந்தத் தூரம் இனி இவருக்கு ஆகாது, பக்கத்தில் இடம் தேடுங்கள் என்றார். பக்கத்தில் இருந்த மையங்களில் காத்திருப்போர் வரிசை நீண்டிருந்தது. அங்கே இடம் காலியாவதற்கு ஒரே வழிதான் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

“அண்ணே, ஒங்க மூஞ்சி பெட்ரோல் கடை கண்ணாடில ஒட்டிருக்கு,” என்றான் வேலு, அடுத்த வாரம் வண்டியை எடுத்துக்கொண்டே. அவனும் எட்டாங்கட்டைக்காரன்தான். அங்கே குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டினான், இங்கே நோயாளிகளை ஏற்றுகிறான்.

“எப்படி இருக்கு?”

“எலக்சன்ல நிக்கற மாதிரி இருக்கு.”

“ஜெயிப்பனா?”

“மூஞ்சி இருக்கற இருப்புக்கு டெபாசிட் போயிரும்ணே.”

“சென்டர் வந்தா ஒனக்குத்தான் பொழப்பு போச்சு.”

“போனா போவுது லா. சாஆ பக்கம் போயி அன்னாசி ஏத்துறேன். அன்னாசிக்கு வழில மயக்கம் வராது.”

மகேஸ்வரன் சொன்ன அந்த டாக்டர், ஆராய்ச்சியாளர் ஹேமநாதன், மழைக்காலம் தொடங்கியபோது வந்தார். பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த விரிவுரையாளர். மானியம் கொண்டுவருகிறவருக்கு ஒப்பந்தம் நீளும், கொண்டுவராதவருக்கு நன்றி சொல்லி ஒரு கேடயம் கொடுப்பார்கள். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கும் மனிதர் கேடயத்தை விரும்புவதில்லை. டொரத்தி சுட்டுப்போட்ட தோசையைச் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, மடிக்கணினியைத் திறந்தார்.

மானிய விண்ணப்பத்துக்கு முதல் தடவை அவர் எழுதிய தலைப்பு நேராக இருந்தது: செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களிடையே கடும் வெயிலும் சிறுநீரகப் பாதிப்பும். அறவாரியத்தை நடத்தும் நிறுவனத்துக்கே செம்பனைத் தோட்டங்கள் இருந்தன. தோட்டம் என்ற சொல் ஆய்வைக் குறுக்குகிறது என்று பதில் வந்தது. எடுத்துவிட்டார். அடுத்த சுற்றில் வெயில் ஓர் இயற்கை நிகழ்வு, அதற்கு யாரும் பொறுப்பேற்க இயலாது என்றார்கள். வெயிலையும் எடுத்தார். மூன்றாவது சுற்றில் பாதிப்பு எதிர்மறையாக ஒலிக்கிறது என்றார்கள். தோட்டமும் வெயிலும் பாதிப்பும் போன பிறகு மிச்சமிருந்தது தண்ணீர். அதைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து அறை நண்பர் சொன்னபடி செயற்கை நுண்ணறிவையும் சேர்த்தார். இப்போதைய தலைப்பு: நீர்ப் பழக்கமும் இனிய வாழ்வும் – செயற்கை நுண்ணறிவு வழி ஒரு சமூகப் பயணம். பயணம் என்ற சொல் அறவாரியத்துக்குப் பிடிக்கும் என்று மகேஸ்வரன் சொல்லியிருந்தார்.

“அண்ட்டி, தோட்டத்துல நீங்க என்ன வேல செஞ்சீங்க?”

“மருந்து அடிச்சேன். லாலாங் புல்லுக்கு. முதுகுல மருந்துத் தோம்பு மாட்டிக்கிட்டு நெரை நெரையா போவணும். அப்புறம் முட்டி போனதும் ஒதிரிப் பழம் பொறுக்க விட்டாங்க.”

“வேலைக்காட்டுல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?”

“யாரு, பொம்பளைங்களா? குடிக்க மாட்டோம்.”

“ஏன்?”

டொரத்தி ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தாள். அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தை அணைத்திருந்தார்.

“குடிச்சா ஒதுங்கணும்ல டாக்டர். எங்க ஒதுங்கறது? பேர் கூப்பிடற பிரட்டு முடிஞ்சி லாரில ஏத்தி உள்ள கொண்டுபோயி எறக்கிருவாங்க. சுத்தி ஆம்பளைங்க, எங்கள மேய்க்கற தண்டல் மோட்டர்சைக்கிள்ல போயிட்டு வந்துட்டு இருப்பாரு. பொதருக்குள்ள போனா பாம்பு. அதனால காலைல ஒரு கோப்பி, அப்புறம் வீட்டுக்கு வந்துதான். நாக்கு ஒட்டிக்கிச்சுனா ஒரு உப்புக்கல்ல வாயில போட்டுக்குவோம். எங்கம்மா சொல்லிக் குடுத்தது.”

“உப்பா?”

“எச்சி ஊறும்ல.”

ஹேமநாதனின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே நின்றன. நல்ல மருத்துவர்தான் அவர். இதற்காகத்தான் முதல் தலைப்பை எழுதியிருந்தார். விரல்களை மடக்கிக்கொண்டு சொன்னார். “இத ப்ரபோசல்ல போட முடியாது அண்ட்டி.”

“பொய்யா சொல்றேன்?”

“உண்மைதான். ஆனா உள்ள தோட்டம் வந்துருதே.”

“தோட்டத்துல நடந்ததுல தோட்டந்தான வரும்?”

“ஆமா. அதான் பிரச்சனை.”

அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகேஸ்வரன் குறுக்கிட்டார். “டாக்டர், அத விடுங்க. இவங்க புருசனுக்காகத் தண்ணி குடிக்காம இருக்கறாங்க பாருங்க, அத எழுதுங்க. படிக்கறவனுக்கு நெஞ்சு தொடணும்.”

ஹேமநாதன் அதை எழுதினார். சமூகத் தாக்கம் என்ற பகுதியில் அது அழகாகப் பொருந்தியது. ஒரு மருத்துவராக அவர் டொரத்தியை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். ஆனால் அவர் பகுதியின் சொல் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். “நாள் முழுக்கவா அண்ட்டி?” என்று மட்டும் கேட்டார். வாக்கியத்தைச் சரியாக முடிக்க அது தேவைப்பட்டது.

மானியம் கிடைத்தது.

அறிவிப்பு விழாவை ஒரு சனிக்கிழமை, ஊர் டேவான் மண்டபத்தில் வைத்தார்கள். சனிக்கிழமை ஸ்டானிஸ்லாஸின் ரத்தம் கழுவும் நாள். ஞாயிறு மையம் மூடியிருக்கும்.

“திங்கக்கெழம போயிக்கலாம் லா,” என்றார் மகேஸ்வரன். “நான் கூலாய் சென்டர்ல பேசிட்டேன். ஒரு தடவதான? அறவாரியத்துல இருந்து வர்றவங்க இவரப் பாக்கணும்னு சொல்றாங்க. பதாகைல இருக்கற ஆளு மேடைல இல்லனா எப்படி?”

“அவருக்கு மூச்சு வாங்கும் தலைவரே.”

“உக்காந்துட்டுதான இருக்கப் போறாரு?”

டொரத்தி கணவனைப் பார்த்தாள். அவர், “நாற்காலி குடுக்கற ஆளு கூப்பிடறாரு. போவலாம்,” என்றார்.

அன்று காலை காலில் நீர் கோத்திருந்தது. சப்பாத்து ஏறவில்லை. ஜப்பான் செருப்போடு மேடையேறினார். பெரிய மனிதர்கள் வரிசையில் அவரை நடுவே உட்காரவைத்து மாலை போட்டார்கள். வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் ஒவ்வொருவர் முன்னும் ஒரு தண்ணீர் போத்தல், குளிரில் வியர்த்து நின்றது. அவர் முன்னும் ஒன்று. துளிகள் போத்தலின் வயிற்றில் உருண்டு இறங்கித் துணியில் ஊறுவதை அவர் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கீழே, பெண்கள் வரிசையில் டொரத்தி உட்கார்ந்திருந்தாள். தள்ளுவண்டியில் குளிர்பானங்களைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களிடம் வேண்டாம் என்று கையாட்டினாள்.

மகேஸ்வரன் தலைமையுரையில் சிறுநீரகத்தைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. தமிழ்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். கணவன் தாகத்தோடு இருக்கையில் ஒரு சொட்டு நீரும் அருந்தாத உத்தமி இதோ நம் நடுவே இருக்கிறார் என்று கை நீட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு சிறுநீரக நிபுணரும், இரண்டு பொது மருத்துவர்களும், ஓர் ஓய்வுபெற்ற மேட்ரனும் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள். ஹேமநாதனும் தட்டினார். டொரத்தி எழுந்து கும்பிட்டாள். லேசாகத் தலை சுற்றியது. எல்லோரும் பார்ப்பதால் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் நோயாளிக்கு ஒரு பரிசுக்கூடை வழங்கப்பட்டது. மினுங்கும் தாள் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. வேனில் வரும்போது வேலு அதைத் திறந்து பார்த்தான்.

“எளநித் தண்ணி. முந்திரிக்கொட்ட. காஞ்ச திராட்ச. சாக்லேட். டின்னுல சூப்பு. அலமாக், அண்ணே, ஒங்களுக்கு ஆவாததா பாத்துப் பாத்துப் போட்டுருக்காங்க.”

“கூடை ஆவும்,” என்றார் ஸ்டானிஸ்லாஸ். “வெங்காயம் போட்டு வைக்கலாம்.”

ஞாயிறு காலைப் பூசையில், நற்செய்தி வாசிக்க எல்லோரும் எழுந்தபோது அவரால் எழ முடியவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். வேலுவின் வேன் அன்று சாஆவுக்குப் போயிருந்தது. ஆம்புலன்ஸ் வந்து குளுவாங்குக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் நீர். அவசரமாக இயந்திரத்தில் போட்டு எடுத்தார்கள். டொரத்தி வராந்தாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுகை எங்கோ போயிருந்தது, தேடவும் அவளுக்குத் தோன்றவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் எவ்லின் தொலைபேசியில் கத்தினாள்.

“யாரு ஒங்கள செசன் மாத்தச் சொன்னா? அவரு மேல கேஸ் போடணும் மா.”

“கேஸ் போட்டா நாற்காலி குடுக்க மாட்டாரு.”

“எந்த நாற்காலி?”

டொரத்தி விளக்கினாள். எவ்லின் குரலை இறக்கி, “சாப்டியா?” என்று கேட்டாள்.

மகேஸ்வரன் மருத்துவமனைக்கு வந்து பார்த்தார். சாதாரணச் சட்டையில்தான் வந்தார். ஒரேயடியாக அவரைக் குறை சொல்லிவிட முடியாது.

மையம் திறக்கப்பட்டது. இயக்க அலுவலகத்துக்குப் பின்னால், முன்பு கரவோக்கே பெட்டிகள் கிடந்த அறை. வெள்ளையடித்து, குளிர்சாதனம் மாட்டி, நீர்ப் பழக்க ஆராய்ச்சி மையம் என்று மூன்று மொழியில் பலகை வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு கணினி, ரத்தமும் சிறுநீரும் வைக்க ஒரு குளிர்ப்பெட்டி, பழைய வாசத்தோடு ஒரு சோபா, புதிதாக வாங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ரிப்பன் வெட்டியதும் மகேஸ்வரன் ஸ்டானிஸ்லாஸைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முதல் நாற்காலியில் உட்காரவைத்தார்.

“சொன்னேன்ல ஸ்டானி? மொத நாற்காலி ஒங்களுக்குத்தான்னு.”

ஸ்டானிஸ்லாஸ் சுற்றிலும் பார்த்தார். “மெசினு எப்ப தலைவரே வருது?”

மகேஸ்வரன் ஹேமநாதனைப் பார்த்தார். ஹேமநாதன் குத்துக்காலிட்டு, பெரியவரின் கண்மட்டத்துக்கு இறங்கினார். அப்படி இறங்கிப் பேச அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

“அங்கிள், இது ஆராய்ச்சி கிராண்ட். இதுல சிகிச்சை செய்யக் கூடாது. ரூல்ஸ்.”

“அப்ப என்னா செய்வீங்க?”

“நோய் எப்படி வருதுன்னு பாப்போம்.”

“எனக்கு வந்துருச்சே. என்னயப் பாருங்க.”

“ஒங்கள ஆய்வுல சேக்க முடியாது அங்கிள். கிட்னி கொஞ்சமாச்சும் வேல செய்யறவங்கதான் வேணும். ஒங்களுக்கு முழுசா முடிஞ்சி போச்சு.”

ஸ்டானிஸ்லாஸ் தலையாட்டினார். “முந்தியே சொல்லிருந்தா கொஞ்சம் மிச்சம் வெச்சிருப்பேன்.”

ஹேமநாதனுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. சுவரில் நம்பிக்கையாகப் பார்க்கும் ஸ்டானிஸ்லாஸின் பெரிய படம். அதன் கீழே ஆய்வில் பங்கேற்க இயலாத ஸ்டானிஸ்லாஸ். வேனில் கூலாய்ப் பயணம் அப்படியே தொடர்ந்தது. வேலு மட்டும் டேஷ்போர்டின்மேல் ஒரு தலையணை வாங்கிப் போட்டான், காலுக்கு.

ஆய்வுக்கு ஆட்கள் வரவில்லை. ரத்தம் கொடுக்க யாருக்கும் நேரமில்லை. செனாய்த் தொழிற்சாலை பஸ் விடியுமுன்னே வந்துவிடும். அறவாரியத்துக்கு முதல் அறிக்கை அனுப்பவேண்டிய நேரத்தில் மகேஸ்வரன் தெருத்தெருவாக இறங்கினார். பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் என்று அறிவித்தார். அப்படியும் நாற்காலிகள் நிறையவில்லை.

“டொரத்தி, நீங்களும் வந்து ஒக்காருங்க. எண்ணிக்கைக்குத்தான்.”

“எனக்கு ஒண்ணும் இல்லயே தலைவரே.”

“ஒண்ணும் இல்லாதவங்களும் வேணும்லா. எல்லாருமே சாக்கித், சீக்காளின்னா அது ஆஸ்பத்திரி ஆயிரும்.”

தாதி கஸ்தூரி ரத்தம் எடுத்தாள். சிறுநீருக்கு ஒரு சிறு புட்டியைக் கொடுத்தாள். டொரத்தி கழிவறையில் வெகுநேரம் இருந்துவிட்டு, புட்டியில் அடி மறையுமளவு கொண்டுவந்தாள். பால் விடாத கோப்பி-ஓ நிறம்.

“இவ்வளவுதானா க்கா?”

“எப்பவும் இவ்வளவுதான்.”

கஸ்தூரி அவளைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, புட்டியில் எண் ஒட்டினாள். நாசி லெமாக்கை டொரத்தி வீட்டுக்குக் கொண்டுபோய், சம்பலை ஒதுக்கிவிட்டு, சோற்றை ஸ்டானிஸ்லாஸுக்குக் கொடுத்தாள்.

பிறகு இன்னொரு முறை வரச் சொன்னார்கள். மறுபடியும் ரத்தம், மறுபடியும் புட்டி, மறுபடியும் பொட்டலம். மழை விட்டு, வெயில் காய்ந்து, தாமான் ஓரத்து அன்னாசித் தோட்டத்தில் எரு வாடை கிளம்பிய ஒரு மத்தியானம் ஹேமநாதன் நேரில் வந்தார். கூடவே மகேஸ்வரன். ஹேமநாதனின் முகம் பல மாதங்களுக்குப் பிறகு தெளிந்திருந்தது. கையில் அட்டைப்பெட்டி.

“அண்ட்டி, நாங்க இவ்வளவு நாளா தேடிக்கிட்டிருந்த ஆளு நீங்கதான்.”

“நானா?”

“சக்கர இல்ல. பிரசர் இல்ல. குடும்பத்துல யாருக்கும் கிடையாது. வெயில்ல வேல செஞ்ச பொம்பள. இந்த மாதிரி ஒருத்தர்கூடக் கெடைக்கலனா ஆய்வே நின்னுருக்கும். அறவாரியத்துக்கு எழுதிட்டேன். ரொம்ப சந்தோசப்படறாங்க.”

“நாந்தான் கூட்டிட்டு வந்தேன்,” என்றார் மகேஸ்வரன்.

டொரத்தி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எதற்கோ பாராட்டுகிறார்கள் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த ஸ்டானிஸ்லாஸ் திரும்பினார். “அவளுக்கு என்னா?”

ஹேமநாதன் அப்போதுதான் தான் பேசிக்கொண்டிருப்பது ஒரு வீட்டில் என்பதைக் கவனித்தவர்போல நின்றார். குத்துக்காலிட இடமில்லை. பெட்டியைத் தரையில் வைத்தார்.

“கிட்னி கொஞ்சம் கொறஞ்சிருக்கு அங்கிள். ரெண்டு தடவ பாத்தாச்சு.”

“கொஞ்சம்னா?”

“பாதிக்கு மேல போயிருச்சு. ஆனா பயப்பட ஒண்ணுமில்ல. கவனமா இருந்தா அப்படியே நிறுத்தி வைக்கலாம்.” பிறகு, அறிக்கையில் நிரப்பவேண்டியிருந்ததால், “தண்ணி எவ்வளவு குடிப்பீங்க அண்ட்டி?” என்றார்.

கேள்வி கேட்டவருக்கே பதில் தெரியும். அவரே எழுதியது. மகேஸ்வரனுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும், கை தட்டியிருக்கிறது. மகேஸ்வரன் தரையைப் பார்த்தார். எந்த விழாவிலும் அவர் அப்படித் தரையைப் பார்த்ததில்லை.

“தோட்டத்துலயே பாதி போயிருக்கும்,” என்றார் ஹேமநாதன் மெதுவாக. “மிச்சம் இதுல.”

“நம்ம வந்த அன்னிக்கே…” என்று மகேஸ்வரன் தொடங்கினார்.

“எனக்கும் இவருக்கும் ஒரே நாள் போடுவாங்களா?” என்று டொரத்தி கேட்டாள். “கூலாய்க்கு. ஒரே வேன்ல போயிட்டு வந்துரலாம்ல.”

“அதெல்லாம் இப்ப இல்ல அண்ட்டி. அந்தக் கட்டம் வராமப் பாத்துக்கத்தான் இது.” பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல். பக்கத்தில் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் நேரம், மேலே அறவாரியத்தின் சின்னம். பங்கேற்பாளர்களுக்கானது. அவளுடைய கைத்தொலைபேசியை வாங்கி ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்தார். “இது சொல்றப்பல்லாம் ஒரு கோடு குடிக்கணும். குடிச்சிட்டு இந்தச் சொட்ட அமுக்குங்க. எங்களுக்கு வந்துரும்.”

“இவரு முன்னாடியா?”

ஹேமநாதன் காலிப் பெட்டியை மடக்கினார். அவர்கள் போய்விட்டார்கள். கார் கிளம்பும்போது ஹேங்கர் ஆடியது. பாத்திக்கை அன்று யாரும் எடுக்கவில்லை.

டொரத்தி போத்தலை நிரப்பிச் சமையலறையில், அரிசித் தொட்டிக்குப் பின்னால் வைத்தாள். சாயங்காலம் அவள் வெங்காயம் எடுக்கப் பரிசுக்கூடைக்குள் கை விட்டபோது தொலைபேசி பேசியது. உற்சாகமான பெண் குரல். வணக்கம் டொரத்தி, இது தண்ணீர் குடிக்கும் நேரம்.

அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியம் கேட்டுப் பல வருசமாகியிருந்தது. இருவரும் அசையவில்லை. குரல் மறுபடியும் சொன்னது. டொரத்தி சமையலறைக் கதவைச் சாத்தப் போனாள்.

“எங்க போற?”

“வெங்காயம் உரிக்க.”

“போத்தல இங்க கொண்டா.”

“வேணாங்க.”

“கொண்டா. உள்ள நின்னு நீ குடிப்பியா கொட்டுவியான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒன்னய எனக்குத் தெரியும்.”

கொண்டுவந்தாள். அவர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தாள். மூடியைத் திறக்கத் தெரியவில்லை. அவர் வாங்கி, ஊசிக்கையால் பிடித்து, மறுகையால் திருகிக் கொடுத்தார். தண்ணீர் உள்ளே தளும்பியது. இருவரும் அதைக் கேட்டார்கள்.

“எத்தன கோடு?”

“ஒண்ணு.”

“குடி.”

“நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க.”

“திரும்புனா பாக்க முடியாது. குடி லா.”

அவள் குடித்தாள். பழக்கமில்லாத தொண்டை முதல் மடக்கில் அடைத்தது, இருமினாள், மறுபடி குடித்தாள். அவர் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறி இறங்கும்போதெல்லாம் அவருடைய தொண்டையும் ஏறி இறங்கியது. வாயில் ஒன்றுமில்லாமல் விழுங்கினார். கோடு வந்ததும் அவள் போத்தலை இறக்கிக் கண்ணெதிரே பிடித்துக் காட்டினாள்.

தொலைபேசியில் ஒரு நீலச் சொட்டு சிரித்துக்கொண்டிருந்தது. அவர் விரலால் அதை அமுக்கினார். வாழ்த்துகள் டொரத்தி, என்றது குரல்.

“அடுத்தது எப்ப?” என்று கேட்டார் ஸ்டானிஸ்லாஸ்.

அவள் போத்தலைத் திருப்பி, அடுத்த கோட்டின் நேரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“அதுவரைக்கும் இங்கியே இருக்கட்டும்,” என்று அவர் போத்தலை வாங்கி, தன் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டார்.